எந்த வலி என்று அறிந்த விசாலம் அக்கா

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகம் திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தொலைபேசியை எடுத்த, உடன் வேலை செய்யும் சுபைதா அதை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் விசாலம் அக்காவின் தம்பி சுந்தரம்.

"ஸ்டெல்லா சேச்சி, எங்க அக்கா போயிட்டா. கார்த்தால காபி குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வெச்சா. அவ்வளவுதான்."

"வயிறா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லே. நெஞ்சு. டாக்டர் வந்து பார்த்துட்டார்."

அன்று முழுவதும் இதே கேள்வியை எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். பண்டகசாலைக்காரர்கள் கேட்டார்கள், படகுத்துறையில் பார்த்தவர்கள் கேட்டார்கள், எங்கள் பழைய முதலாளியும் கேட்டார். இல்லை, இதயம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த அந்த வயிறு அவரைக் கொண்டுபோகவில்லை. அதைச் சொல்லும்போது துக்கத்துக்கு நடுவில் எனக்குச் சிறு பெருமைகூட இருந்தது.

இதில் நான் எழுதப்போகும் சிலவற்றைப் படித்து, இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம். அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏதோ பேச்சில், "நான் போனப்புறம் யாராவது என்னைப் பத்தி எழுதினா, வயித்தை விட்டுட்டு எழுதப்படாது. மறைச்சு மறைச்சே நான் ரெண்டு வருஷத்தை வீணாக்கினேன்" என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் எழுதுகிறேன்.

விசாலம் அக்காவின் குடும்பம் பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் கொச்சிக்கு வந்தது. வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், அலுவலகத்தில் தட்டுவது ஆங்கிலம். இந்த மூன்றிலும் ஒரு எழுத்துப் பிழை அவரிடம் காண முடியாது. இருபத்தைந்து வயதில் அவருக்குப் பெருங்குடலில் புண் வந்தது. வயிற்றுப்போக்கும் இரத்தமுமாக ஆறு ஆண்டுகள். பேசி வைத்திருந்த வரன் கைவிட்டுப் போனது. கடைசியில் எலும்பும் தோலுமாக அவரை மதராசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அன்றிலிருந்து கழிவு அந்த வழியாகத்தான் வரும். அதை ஏந்த ஒரு ரப்பர் பை, அதை இடுப்போடு பிடித்துக்கொள்ள ஒரு பெல்ட். பம்பாயிலிருந்த உறவினர் ஒருவர் மூலம் கிடைத்த இரண்டு பைகளை மாற்றி மாற்றிக் கழுவி, நிழலில் காயவைத்துப் பயன்படுத்தினார். பை சற்று நழுவினாலும் கழிவு பட்டு அந்த இடத்துத் தோல் வெந்து போகும். ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவர் யாருமில்லை. கேட்டுக்கொள்ள ஓர் ஆளும் இல்லை.

இவை எதுவும் எனக்குத் தெரியாத காலத்தில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருமணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பசார் ரோட்டில் ஒரு குஜராத்திச் சேட்டின் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிய பண்டகசாலை. மேலே, காயலைப் பார்த்த நீண்ட அறையில் அலுவலகம். பெண்கள் மூவர்: தட்டச்சு செய்யும் விசாலம் அக்கா, கோப்புகளைப் பார்க்கும் சுபைதா, நான்.

மதியச் சாப்பாட்டுக்கு நானும் சுபைதாவும் ஒரே மேசையில் உட்காருவோம். அக்கா வரமாட்டார். தன் மேசையிலேயே திரும்பி உட்கார்ந்து, சின்னப் பாத்திரத்தில் இருக்கும் குழைந்த மோர் சாதத்தை மெதுவாக, மிகமிக மெதுவாக மென்று முடிப்பார். நான் கொண்டுபோன எதையும் வாங்கமாட்டார். பெருநாளுக்கு மறுநாள் சுபைதா வீட்டிலிருந்து பத்திரி என்ற அரிசி ரொட்டியும் கறியும் கொண்டுவந்து, அக்காவுக்கென்று தனியாகப் பத்திரியும் சர்க்கரையும் மட்டும் எடுத்து வைத்தார். அக்கா கை கூப்பி, "வேண்டாம்மா, மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

சுபைதாவின் முகம் சுருங்கிவிட்டது. "பட்டர் வீட்டுப் பெண்ணல்லே. நம்ம கையால வாங்குமோ?" என்று என்னிடம் சொன்னார். தமிழ் பிராமணர்களை அங்கே பட்டர் என்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நினைத்துக்கொண்டு அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினேன்.

அதற்குப் பின் வந்த ஓணத்துக்குச் சேட்டு அலுவலகத்திலேயே இலை போட்டு விருந்து வைத்தார். அவரே நின்று ஒவ்வோர் இலையாகக் கவனித்தார். விசாலம் அக்கா தப்ப முடியவில்லை. அவியல், தேங்காய் தூவிய தோரன், எரிசேரி எல்லாம் அவர் இலையில் விழுந்தன. சேட்டு எதிரிலேயே நின்றார். அக்கா சாப்பிட்டார்.

மூன்று மணி சுமாருக்குத் தட்டச்சுச் சத்தம் நின்றது. பாதிக் கடிதம் இயந்திரத்திலேயே இருந்தது, அவரைக் காணோம். சரக்கு மாதிரிகள் வைக்கும் அறையில் முனகல் கேட்டுப் போய்ப் பார்த்தேன். காலிச் சாக்குகளின் மேல் ஒருக்களித்து, முழங்கால்கள் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தார். ரவிக்கை முழுதும் வேர்வையில் நனைந்திருந்தது.

"என்ன செய்யுது? சேட்டக் கூப்பிடட்டா? டாக்டரக் கூட்டிட்டு வரச் சொல்லட்டா?"

"கதவைச் சாத்துங்கோ. முதல்ல கதவைச் சாத்துங்கோ."

சாத்தினேன். வலி ஒரு அலைபோல வந்து அவரை முறுக்கியது. அது இறங்கியதும், கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"என் குடல் வயித்துக்கு வெளியிலே இருக்கு. ஒரு பையிலே வரும். தேங்காயைத் தின்னுட்டேன், அது வழியிலே மாட்டிண்டுடுத்து. இப்போ ஒண்ணும் வரலே. அதான் இந்த வலி. எனக்கு வெந்நீர் வேணும், ஒரு துண்டு வேணும். யார்கிட்டயும் சொல்லப்படாது. மனசிலாச்சா?"

பாதிதான் புரிந்தது. எதிர்ச் சாயாக்கடைக்கு ஓடி ஒரு கூஜா வெந்நீர் வாங்கிவந்தேன். அவர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் கிடந்தார். துண்டை நனைத்துப் பிழிந்து, அவர் காட்டிய இடத்தில் சேலைக்கு மேலேயே வைத்தேன். ஆறினால் மறுபடி நனைத்து வைத்தேன். சூடான நீரை ஒவ்வொரு வாயாகக் குடித்தார். வலி வரும்போது என் மணிக்கட்டைப் பிடிப்பார். விடும்போது "மன்னிச்சுக்கோங்கோ" என்பார். தன் உள்ளங்கையால் அந்த இடத்தைச் சுற்றி மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படிப் போனது.

திடீரென்று அவர் வயிற்றிலிருந்து ஒரு சத்தம், அடைத்த குழாய் திறந்ததுபோல. அக்கா கண்ணை விழித்தார்.

"வந்துடுத்து! ஸ்டெல்லா, வந்துடுத்து!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், எதற்கு என்று தெரியாமலே. ஒருவருக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இவ்வளவு மகிழ்ச்சியை நான் முகத்தில் பார்த்ததில்லை.

பிறகு, எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டபின், நான் கேட்டேன்: "இதுக்காகத்தான் எங்ககூட சாப்பிட மாட்டேன்னீங்களா?"

"நான் ஆசாரம் பாக்கறேன்னு நீங்கள்லாம் நெனைச்சேள், இல்லையா? எனக்குத் தெரியும். அப்படியே நெனைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். என்னை அழுக்கும்பாளோங்கற பயத்திலே, உங்களை அழுக்குன்னு நான் நெனைக்கற மாதிரி காட்டிண்டேன். பெரிய தப்பு."

இந்த ஒப்புதலை அவர் என்னிடம் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தானே சுபைதாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சுபைதா கேட்டுவிட்டுக் கோப்புகளை அடுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான், கோபம் தீரவில்லை என்று நினைத்தோம். மறுநாள் மதியம் சுபைதா அக்காவின் மேசைக்கு நேராகப் போய் ஒரு கிண்ணத்தை வைத்தார். மெல்லிய பத்திரி, வடிகட்டிய தேங்காய்ப்பாலில் ஊறி பஞ்சுபோல இருந்தது.

"தேங்காய் இல்லை. பால் மட்டும்தான். நல்லா வடிகட்டினேன். இது போகுமா?"

"போகும்" என்றார் அக்கா. தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் வேறெங்கும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

வலியைப் பற்றி அவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. எல்லா வயிற்று வலியும் அவருக்கு ஒன்றல்ல. பை பலூன்போல உப்பி, வயிறு இங்குமங்கும் குத்தினால் அது காற்று. அதற்கு நடப்பார். எங்கள் நீண்ட அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே அவர் நடந்தால் சேட்டும் கேள்வி கேட்கமாட்டார். அலையலையாக வந்து முறுக்கினால் அடைப்பு. அதற்குச் சாப்பாட்டை நிறுத்தி, சூடாக நீர் குடித்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். வலியோடு வாந்தியும் வந்து, பைக்குள் ஒன்றும் வராமலே இருந்தால் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைதான். வேனிற்காலத்தில் காலும் சேர்ந்து இழுத்தால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்துவிட்டது என்று அர்த்தம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் குடிப்பார். இன்னொன்றும் உண்டு. "ஒரு காரணமும் இருக்காது, ஆனா வலிக்கும். அது பயம். நாளைக்கு இது வந்துடுமோ, பஸ்ஸிலே வந்துடுமோன்னு நெனைச்சா வயிறு இறுகிக்கும். அதுக்கு மருந்து, யார்கிட்டயாவது பேசறதுதான்" என்பார்.

அவர் எப்போதும் தைரியமாக இருந்தார் என்று எழுதினால் அது பொய். ஒரு மழைக்காலத்தில் படகில் வரும்போது பை விட்டுப்போய் சேலை நனைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். அதன்பின் பத்து நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டு, "மதராசிலேயே விட்டிருக்கலாம் என்னை" என்றார். ராஜினாமாக் கடிதத்தைக் கையால் எழுதி வைத்திருந்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன், சேட்டிடம் கொடுக்கவில்லை. பதினோராம் நாள் வந்து இயந்திரத்தின் உறையை எடுத்தார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

எழுபதுகளின் இறுதியில் அவருக்குப் பெரிய அடைப்பு ஒன்று வந்தது. காலையிலிருந்து பையில் ஒரு சொட்டு இல்லை. பத்து மணிக்கு வாந்தி தொடங்கியது. சுந்தரமும் நானும் அவரை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மலம் கட்டியிருக்கிறது, பேதி மருந்து கொடுத்து இனிமாவும் வைத்தால் சரியாகிவிடும் என்று தாதியிடம் சொன்னார்.

அக்காவால் பேச முடியவில்லை. என் கையை இழுத்துத் தன் கைப்பையைக் காட்டினார். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். வியாபாரக் கடிதம் எழுதும் அதே ஒழுங்கில், தேதிக்கும் விளிக்கும் இடம்விட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தார்: எனக்குப் பெருங்குடலும் இல்லை, ஆசனவாயும் இல்லை. எனவே தயவுசெய்து எனக்கு இனிமா கொடுக்க வேண்டாம், பேதி மருந்தும் கொடுக்க வேண்டாம். அடைப்பு ஏற்பட்டால் நரம்பு வழியே நீர் ஏற்றவும். அறுவை மருத்துவரை அழைக்கவும். இப்படிக்கு, உண்மையுள்ள, என்று முடித்து கையொப்பமும் இட்டிருந்தார்.

இளம் மருத்துவர் படித்தார். முகம் சிவந்தது. "நோயாளியா டாக்டருக்கு எழுதிக்கொடுக்கிறது?" என்றார்.

தாதி மருந்துக் கோப்பையோடு நின்றிருந்தார். நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். "பெரிய டாக்டர் வரட்டும். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கொடுக்கக் கூடாது" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

அரை மணியில் அறுவை மருத்துவர் வந்தார். நரை விழுந்த, அதிகம் பேசாத மனிதர். தாளை நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"இது யார் எழுதியது?"

"நான்தான்" என்றார் அக்கா, வலிக்கு நடுவில்.

"இது இல்லாமல் அந்த மருந்தைக் குடித்திருந்தால் குடல் கிழிந்திருக்கும்" என்று இளம் மருத்துவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, நீர் ஏற்றச் சொன்னார். மூக்கு வழியே குழாய் போட்டார்கள். ஒரு நாள் பார்ப்போம், திறக்காவிட்டால் கத்திதான் என்றார். நானும் சுந்தரமும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். மறுநாள் பிற்பகல் அடைப்பு விட்டது. கத்தி தேவைப்படவில்லை. குழாயை எடுத்ததும் அக்கா முதலில் கேட்டது, "அந்தத் தாள் எங்கே? கசங்கிப்போச்சா? வேற ஒண்ணு அடிக்கணும்" என்பதைத்தான்.

அந்த அறுவை மருத்துவர் அவரை மறக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார். தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்யும் பிரிஜித்தா என்ற பெண்ணுக்கு அவசரமாக இதே அறுவை செய்ய நேர்ந்ததாம். வீட்டுக்குப் போனபின் அவள் சாப்பிடவே மறுக்கிறாளாம். சாப்பிட்டால்தானே வெளியே வரும் என்கிறாளாம்.

"எனக்கு என்ன தெரியும், நான் என்ன டாக்டரா?" என்றார் அக்கா. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

ஒரே அறை வீடு. கணவர் வாசலில் நின்றார். பிரிஜித்தா பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். அக்கா மலையாளத்தில் ஆறுதலாக ஏதேதோ சொன்னார். அவள் திரும்பாமலே, "சேச்சிக்கு எந்து அறியாம்?" என்றாள். உங்களுக்கு என்ன தெரியும் என்று. "நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஆறுதல் சொல்ல எல்லோரும் வருகிறார்கள்."

தான் யாரென்று மருத்துவர் சொல்லியிருப்பார் என்று அக்கா நினைத்திருந்தார். அவர் சொல்லவில்லை போலும்.

அக்கா எழுந்தார். கதவைச் சாத்தித் தாழிட்டார். கொசுவத்தைத் தளர்த்தி, பெல்ட்டை அவிழ்த்து, பையை எடுத்தார். எனக்கும் அதுவரை அவர் காட்டியதில்லை. வாயின் உட்புறம்போலச் சிவந்து, ஈரமாக, ஒரு சிறு மொட்டு. பிரிஜித்தா திரும்பிப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"வலிக்காதா?"

"இதிலே வலியே கிடையாது. தொட்டாலும் தெரியாது. வலி வந்தா அது உள்ளே. அதுவும் தினமும் வராது. ஆனா பட்டினி கிடந்தா காத்து நெறைஞ்சு கட்டாயம் வலிக்கும். இப்போ வலிக்கறதா?"

"வலிக்குது."

"எந்த மாதிரி? குத்தறதா, முறுக்கறதா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. பிரிஜித்தா அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, எங்கே, எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீன் தின்னலாமா சேச்சி?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாத விசாலம் அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியலையே. டாக்டர்கிட்ட கேட்டுண்டு வந்து சொல்றேன்" என்றார். சொன்னபடியே கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு அவ்வளவு தூரம் மறுபடி போய், "முள்ளை எடுத்துட்டு, நன்னா மென்னு தின்னலாமாம். ஆனா செம்மீன், இறாலெல்லாம் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று பிரிஜித்தா கஞ்சி குடித்தாள். மூன்று மாதத்தில் வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு வைப்பினிலும் தேவராவிலும் இன்னும் சிலர். எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பிரிஜித்தாவும் சில வீடுகளுக்கு அவரோடு போயிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சுபைதாவும் நானும் அக்காவின் வீட்டுக்குப் போனபோது, எங்களுக்கு முன்பே பிரிஜித்தா வந்து வெளியே நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். உள்ளே உறவுக்காரப் பெண்கள் குளிப்பாட்ட வேண்டிய உடலைச் சுற்றி நின்றார்கள். சுந்தரத்தின் மனைவி கமலம் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், "அந்தப் பையை என்ன பண்ணணும்னு எங்களுக்குத் தெரியலே. அக்கா யாரையும் தொட விட்டதில்லே. நீங்க உள்ளே வரேளா?" என்றார்.

"எனக்கும் எடுக்கத் தெரியாது. இவளுக்குத் தெரியும்" என்று பிரிஜித்தாவைக் காட்டினேன்.

வயதான உறவினர் ஒருவர், "இந்த நேரத்திலே வெளி மனுஷா எல்லாம் எதுக்கு?" என்றார். சுந்தரம் அவரைப் பார்த்துச் சொன்னார்: "இத்தனை வருஷம் அக்கா போய்ப் பார்த்தது இவாளைத்தான். இவாளே செய்யட்டும். உள்ளே வாம்மா."

பிரிஜித்தா கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நானும் சுபைதாவும் வெந்நீர் எடுத்துக் கொடுத்தோம். அவள் பெல்ட்டின் கொக்கியை விடுவித்தாள். பையை எடுத்தாள். நனைத்த துணியால் அந்த இடத்தை, பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து, வெள்ளைத் துணியை மடித்து மூடினாள். இடுப்பைச் சுற்றிலும், பதினான்கு ஆண்டுகள் பெல்ட் அழுத்திய இடம், விரல் படிந்தால் உணரும்படி பள்ளமாக, கறுத்துப் போயிருந்தது. பிரிஜித்தா கமலத்திடம் எண்ணெய் கேட்டு வாங்கினாள். இரு கைகளாலும் அந்தத் தழும்பின் மேல் மெல்ல, சுற்றிலும், நீவிவிட்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. வாசலில், சடங்கு செய்ய வந்த வாத்தியார்கூட நேரமாகிறது என்று சொல்லாமல் காத்திருந்தார்.

விசாலம் அக்கா, இனி உங்கள் இடுப்பில் ஒன்றும் இறுகாது. நிம்மதியாகப் போங்கள். தேவராவில் இதே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்களாம். பிரிஜித்தாவும் நானும் போகிறோம்.